இரண்டு கோப்பை, ஒரே ஒரு வித்தியாசம்

ஸ்காட்ச் விஸ்கியில் கிட்டத்தட்ட முழுவதும் இரண்டே பொருள்கள்தான்: எத்தனால், தண்ணீர். நூற்றில் நாற்பது பங்கோ அதற்குச் சற்று மேலோ எத்தனால், மீதி தண்ணீர். இந்த இரண்டையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஒரு சதவீதம்கூடத் தேறாது. புகை, தேங்காய், கிராம்பு, உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல், கடற்பாசி என்று ருசி பார்ப்பவர்கள் அடுக்கும் மணங்கள் எல்லாம் அந்த ஒரு சதவீதத்துக்குள் நெருங்கிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளின் வேலை.

மூலப்பொருள்களோ மிகக் குறைவு. சிங்கிள் மால்ட் என்று பெயர் போட வேண்டுமானால் தண்ணீர், முளைகட்டிய பார்லி, ஈஸ்ட் ஆகிய மூன்றை மட்டுமே கொண்டு, ஒரே வடிசாலையில், கொப்பரையில் வடித்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்து மண்ணிலேயே, 700 லிட்டருக்கு மிகாத ஓக் மரப் பீப்பாயில், குறைந்தது 3 ஆண்டுகள் கிடந்திருக்க வேண்டும். புட்டியில் அடைக்கும்போது ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தண்ணீரையும் நிறத்துக்கான கேரமலையும் தவிர வேறெதையும் சேர்க்க அனுமதி இல்லை. 2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி விதிகள் சொல்வது இது.

மூன்றே பொருள், ஒரே விதி, நூற்றுக்கும் மேற்பட்ட வடிசாலைகள். ஆனாலும் ஒன்று மற்றொன்றைப் போல மணப்பதில்லை. அப்படியானால் வித்தியாசம் செய்முறையில்தான் பிறக்கிறது. பார்லியை எப்படி உலர்த்தினார்கள், கொப்பரை என்ன வடிவம், ஆவியை எப்படிக் குளிர்வித்தார்கள், பீப்பாயில் முன்பு என்ன இருந்தது என்று ஒவ்வொரு படியும் தன் தடத்தை விட்டுச் செல்கிறது. அந்தத் தடத்தை மனித மூக்கால் கண்டுபிடிக்க முடியும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தனியாக ஒரு கோப்பையை முகர்ந்தால் அது ஒன்றும் சொல்லாது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு கோப்பைகளை அருகருகே வைக்க வேண்டும். ஆய்வுக்கூடச் சோதனைகளின் அடிப்படையும் இதுதான்: மற்றதையெல்லாம் அப்படியே வைத்து ஒன்றை மட்டும் மாற்று, என்ன நடக்கிறது என்று பார்.

வேலை மூக்குக்கு

ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மணம். நாக்குக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்று சில சுவைகளே தெரியும். மூக்கின் மேற்பகுதியிலோ ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிகள் இருக்கின்றன. வாயில் வைத்த திரவத்திலிருந்து எழும் ஆவி தொண்டையின் பின்வழியாக மேலேறி அந்த ஏற்பிகளைத் தொடுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு விஸ்கியை ஒரு சொட்டு நாவில் வைத்தால் லேசான இனிப்பும் கசப்பும் எரிச்சலும் மட்டுமே தெரியும். மூக்கை விட்டதும் புகையும் பழமும் வந்துவிடும்.

அந்த எரிச்சல் ருசியும் அல்ல, மணமும் அல்ல. நம் வாயில் சூட்டை உணர்த்தும் நரம்பு ஏற்பி ஒன்று உண்டு. வழக்கமாக அது ஏறத்தாழ 42 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் விழித்துக்கொள்ளும். மிளகாயின் காரத்துக்கு விழிப்பதும் இதே ஏற்பிதான். எத்தனால் இந்த வாசலை 34 டிகிரி வரை இறக்கிவிடுகிறது என்று 2002இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. உடம்பின் வெப்பமோ 37 டிகிரி. ஆக, விஸ்கி நாக்கைச் சுடும்போது நாம் உணர்வது நம் உடம்பின் சொந்தச் சூட்டையே. மூக்கிலும் எத்தனாலுக்கு இதே எரிச்சல் உண்டு. கோப்பைக்குள் மூக்கை நுழைத்து ஆழமாக இழுத்தால் அந்தக் குத்தலில் மற்ற மணங்கள் மறைந்துபோகும். அதனால்தான் அனுபவசாலிகள் கோப்பையைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி மெதுவாக முகர்கிறார்கள். அடியில் அகன்று வாயில் குறுகிய கோப்பை அந்த ஆவியைக் கலைய விடாமல் சேர்த்து வைக்கிறது.

முதல் இணை: புகை

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் மல் என்றொரு தீவு. அதன் சிறு துறைமுக ஊரான டோபர்மரியில் 1798இல் தொடங்கிய வடிசாலை ஒன்று இருக்கிறது. அங்கே இரண்டு பெயர்களில் விஸ்கி வடிக்கிறார்கள். ஒன்று ஊர்ப் பெயரையே தாங்கிய டோபர்மரி, இன்னொன்று லெட்சிக். கொப்பரை ஒன்று, தண்ணீர் ஒன்று, ஊர் ஒன்று. பார்லியில் மட்டும்தான் மாற்றம். டோபர்மரிக்குப் புகை படாத பார்லி, லெட்சிக்குக்குப் புகையேற்றிய பார்லி.

அந்தப் புகை பீட் என்னும் சதுப்பு மண்ணிலிருந்து வருகிறது. பாசியும் புதர்ச் செடிகளும் நீர் தேங்கிய நிலத்தில் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து உருவான மண் அது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும். ஒரு மீட்டர் ஆழத்தில் வெட்டி எடுக்கும் கட்டி ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய செடிகளின் மிச்சம். மரம் அரிதான தீவுகளில் இதுதான் அடுப்பெரிக்கும் விறகாக இருந்தது. முளைவிட்ட பார்லியின் முளைப்பை நிறுத்த அதைச் சூட்டில் உலர்த்தியாக வேண்டும். அடியில் பீட்டை எரித்தால் அதன் புகையிலுள்ள ஃபீனால் குடும்பச் சேர்மங்கள் ஈரப் பார்லியின் உமியில் ஒட்டிக்கொள்கின்றன. குவாயகால் என்பது விறகுப் புகையின் மணம். கிரெசால் என்பது பழைய மருத்துவமனைத் தாழ்வாரத்தின் கிருமிநாசினி மணம். லெட்சிக்குக்கான பார்லியில் ஃபீனால் பத்து லட்சத்தில் 30 முதல் 40 பங்கு. வடிப்பின்போது அதிலும் பெரும்பகுதி கழிந்துவிடும். எஞ்சும் இம்மியளவே கோப்பையை நிறைக்கப் போதுமானது.

டோபர்மரியை முதலில் முகர வேண்டும், லெட்சிக்கைப் பிறகு. மாற்றிச் செய்தால் சோதனை கெட்டுவிடும். ஒரு மணத்தில் சில நிமிடங்கள் தோய்ந்த மூக்கு அதற்குப் பழகி மந்தமாகிவிடும். மென்மையிலிருந்து கனத்துக்குப் போவதுதான் ருசி பார்ப்போர் எல்லோரும் கடைப்பிடிக்கும் வரிசை. டோபர்மரியில் பழமும் தானியமும் மட்டும் தெரியும். லெட்சிக்கில் அதே பழத்தின் மேல் புகை கவிந்திருக்கும். இரண்டாவது முறை டோபர்மரிக்குத் திரும்பும்போதுதான், லெட்சிக்கில் புகைக்கு அடியில் என்ன மறைந்திருந்தது என்று பிடிபடும்.

இரண்டாவது இணை: செம்பு

ஐலா என்னும் இன்னொரு தீவில் குல் ஈலா, லாகவுலின் என்று இரண்டு வடிசாலைகள். முன்னது 1846இல் தொடங்கியது, பின்னது 1816இல். இன்று இரண்டும் ஒரே நிறுவனத்தின் கையில். இரண்டுக்கும் பார்லி அதே தீவின் போர்ட் எலன் உலர்சாலையிலிருந்து, ஏறத்தாழ ஒரே அளவு புகையுடன் வருகிறது. ஆனாலும் குல் ஈலாவின் புகை மெலிதானது, எலுமிச்சையும் கடற்காற்றும் கலந்தது. லாகவுலினின் புகை அடர்த்தியானது, எண்ணெய்ப் பசையோடு நாவில் தங்குவது. பீப்பாய்களிலும் வயதிலும் சில மாற்றங்கள் இருந்தாலும், முக்கியமான காரணம் கொப்பரையில் இருக்கிறது.

நொதித்து முடித்த பார்லிச் சாறு ஏறத்தாழ 8 சதவீத ஆல்கஹால் கொண்டது. அதை இரண்டு முறை கொதிக்க வைத்து ஆவியைக் குளிர்வித்தால் 70 சதவீத அளவுக்கு ஏறும். சோற்றுப் பானை மூடியில் நீர் திரண்டு மீண்டும் பானைக்குள்ளேயே சொட்டுவதைப் போல, கொப்பரையின் கழுத்தில் மோதும் கனமான மூலக்கூறுகள் குளிர்ந்து கீழே விழுந்து, திரும்பக் கொதிக்கின்றன. கழுத்து உயர்ந்திருந்தால், கொப்பரையில் காலி இடம் அதிகமிருந்தால், இப்படி விழுவது கூடும். லேசானவை மட்டுமே அக்கரை சேரும். குல் ஈலாவின் பெரிய கொப்பரைகளை முழுக்க நிரப்புவதில்லை. லாகவுலினின் பருத்த கொப்பரைகளிலோ காலி இடம் மிகக் குறைவு.

கொப்பரையின் செம்பு வெறும் பாத்திரமும் அல்ல. ஈஸ்ட் உண்டாக்கும் கந்தகச் சேர்மங்கள் முட்டைக்கோசும் இறைச்சியும் போல நாறக் கூடியவை. சூடான செம்பின் மேற்பரப்பு அவற்றைப் பற்றிப் பிடித்து விடுகிறது. ஆவி செம்பைத் தொடும் நேரம் கூடக் கூட விஸ்கி தெளிவும் பழமணமும் பெறுகிறது. குறைந்தால் கனமாகிறது. வடிப்பவர் எப்போது சேகரிக்கத் தொடங்கி எப்போது நிறுத்துகிறார் என்பதும் முக்கியம். முதலில் வருவது கூர்மையானது, ஒதுக்கப்படும். நடுப்பகுதி மட்டுமே பீப்பாய்க்குப் போகும். ஃபீனால்கள் கனமானவை என்பதால் கடைசியில்தான் ஏறி வருகின்றன. கொஞ்சம் தாமதித்து நிறுத்தினால் புகை கூடும், முன்னதாக நிறுத்தினால் குறையும்.

செம்பின் இந்த வேலைக்கு ஹைலாண்ட் பகுதியிலுள்ள டால்வின்னி வடிசாலையின் அனுபவமே நல்ல சான்று. அங்கே ஆவியைக் குளிர்விக்க, பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் சுருள் சுருளாக இறங்கும் பழைய பாணிச் செப்புக் குழாய் இருந்தது. 1986இல் அதை எடுத்துவிட்டு நவீனக் குளிர்விப்பான்களை வைத்தார்கள். அவற்றில் நெருக்கமாகப் பல குழாய்கள் இருப்பதால் ஆவி செம்பை அதிகம் தொடும். அதே பார்லி, அதே கொப்பரை, அதே ஆட்கள் இருந்தும் விஸ்கியின் குணம் மாறிவிட்டது. 1995இல் பழைய பாணிச் சுருள் குழாய்த் தொட்டிகளையே மறுபடி அமைத்தார்கள். ஒரு குழாயின் வடிவத்தை மாற்றியதால் வந்த வேறுபாட்டை மூக்குகள் கண்டுபிடித்தன. அந்த மூக்குகளை நம்பி ஒரு நிறுவனம் தன் இயந்திரத்தைத் திருப்பி மாற்றியது.

மூன்றாவது இணை: மரம்

வடித்து வரும்போது விஸ்கிக்கு நிறமே கிடையாது. பொன்னிறமும் மணத்தில் பெரும்பங்கும் பீப்பாய் தருவது. இதைப் பார்க்கத் தோதான இணை கிளென்மோரஞ்சி. 1843இல் தொடங்கிய இந்த வடிசாலையின் கொப்பரைகள் 5 மீட்டருக்கும் மேல் கழுத்து உயர்ந்தவை, ஸ்காட்லாந்திலேயே மிக உயரமானவை. அங்கே வடிக்கும் தெளிந்த சாராயம், போர்பன் என்னும் அமெரிக்க விஸ்கி முன்பு இருந்த அமெரிக்க ஓக் பீப்பாயில் முதிர்ந்தால் அவர்களுடைய அடிப்படை விஸ்கி. அதே சாராயம் போர்பன் பீப்பாயில் முதிர்ந்து, பிறகு ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில் மேலும் சில காலம் தங்கினால் லசான்டா.

அமெரிக்கச் சட்டப்படி போர்பனைப் புதிய, உட்புறம் கருக்கிய ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய் மீண்டும் போர்பனுக்கு ஆகாது. அப்படி மிஞ்சும் ஏறத்தாழ 200 லிட்டர் பீப்பாய்கள் கப்பலேறி ஸ்காட்லாந்து போகின்றன. மரத்தைத் தாங்கி நிற்கும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் சிதையும்போது வெனிலின் உண்டாகிறது. வெனிலா ஐஸ்கிரீமில் நாம் உணரும் மணமும் இந்த மூலக்கூறினுடையதே. அமெரிக்க ஓக்கில் லாக்டோன் என்றொரு சேர்மம் நிறைய உண்டு, அதுதான் தேங்காய் மணம். கிராம்பில் இருக்கும் யூஜெனால் ஓக்கிலும் இருக்கிறது. பீப்பாயின் கருகிய உட்சுவர் மீதமிருக்கும் கந்தக நெடியை உறிஞ்சிக்கொள்கிறது. ஷெர்ரி பீப்பாய் உலர்திராட்சை, அத்தி, கொட்டைகளின் மணத்தைத் தருகிறது.

முதல் கோப்பையில் வெனிலாவும் ஆரஞ்சும், இரண்டாவதில் உலர்பழமும் மசாலாவும். இரண்டுக்கும் அடியில் ஓடும் பொதுவான மெல்லிய மலர் மணத்தைத் தேடிப் பிடித்தால், அதுதான் அந்த உயரமான செப்புக் கழுத்தின் கையெழுத்து. வித்தியாசத்தைக் கழித்துவிட்டுப் பொதுவானதைக் கண்டெடுப்பதும் ஒப்பிடுதலின் பயன்தான்.

பீப்பாயில் காலமும் வேலை செய்கிறது. மரத்தின் நுண்துளைகள் வழியே ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகிப் போகிறது. 12 ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். பெங்களூரின் வெப்பத்தில் இந்த இழப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்தைத் தாண்டும். அதனால் அங்கே வடிக்கும் மால்ட்டுகள் நான்கைந்து ஆண்டுகளிலேயே மரத்தின் குணத்தை ஏற்றுவிடுகின்றன. புட்டியின் மேலிருக்கும் வயதை மட்டும் வைத்துத் தரம் சொல்ல முடியாது என்பதற்கு இந்த ஒப்பீடே போதும். குளிர்ந்த ஊரின் 12 ஆண்டும் வெயில் ஊரின் 5 ஆண்டும் மரத்துக்கு ஒன்றல்ல.

சில சொட்டுத் தண்ணீர்

விஸ்கியில் சில சொட்டுத் தண்ணீர் விட்டால் மணம் திறந்துகொள்ளும் என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சன், ரான் ஃப்ரீட்மன் இருவரும் 2017இல் இதைக் கணினி உருவகத்தில் ஆராய்ந்தார்கள். புகை மணம் தரும் குவாயகால் மூலக்கூறை எத்தனாலும் நீரும் கலந்த திரவத்தில் விட்டு, அது எங்கே போய் நிற்கிறது என்று கவனித்தார்கள். எத்தனால் 45 சதவீதம் வரை இருந்தால் குவாயகால் திரவத்தின் மேற்பரப்பில், காற்றை ஒட்டி நின்றது. 59 சதவீதத்துக்கு மேல் போனால் எத்தனால் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொண்டன. மேற்பரப்பில் நிற்கும் மூலக்கூறுதான் எளிதில் மூக்கை எட்டும். பீப்பாயிலிருந்து நேராக எடுத்த, 60 சதவீதத்தை ஒட்டிய விஸ்கிக்குத் தண்ணீர் ஏன் உதவுகிறது என்பதற்கு இது ஒரு விளக்கம். கலவை வல்லுநர்கள் இன்னும் ஒருபடி மேலே போய், 20 சதவீதம் அளவுக்கு நீர் சேர்த்துத்தான் முகர்கிறார்கள். எரிச்சல் அடங்கிவிடுவதால் மூக்கு வெகுநேரம் உழைக்கும்.

அவர்கள் ஒரு நாளில் பல பத்து மாதிரிகளை முகர்ந்து தீர்ப்பு சொல்வார்கள், விழுங்குவது அபூர்வம். இது முக்கியம். ஆல்கஹால் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988லேயே வகைப்படுத்திவிட்டது. இந்தக் கட்டுரையில் சொன்ன மூன்று இணைகளின் வித்தியாசத்தையும் ஒரு சொட்டுக்கூட விழுங்காமல் அறிந்துகொள்ளலாம். அறிவதற்கு மூக்கு போதும்.

கண்ணை நம்பாதே

நம் மூக்குக்கு எல்லையும் உண்டு. கலவையொன்றில் மூன்று, நான்கு மணங்களுக்கு மேல் தனித்தனியாகப் பிரித்துப் பெயர் சொல்ல மனிதர்களால் முடிவதில்லை என்று ஆஸ்திரேலியாவின் டேவிட் லைங் நடத்திய சோதனைகள் காட்டின. அதைவிடப் பெரிய இடைஞ்சல் கண். 2001இல் பிரான்சின் போர்தோவில், வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து 54 பேரிடம் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அவர்கள் அதை வருணித்தார்கள். விஸ்கியிலும் இது நடக்கும். கருஞ்சிவப்பு நிறத்தைக் கண்டால் பழையது, செறிவானது என்று மனம் முன்கூட்டியே முடிவு செய்துவிடும். கேரமல் சேர்க்க விதி இடம் கொடுப்பதால் நிறம் எதையும் உறுதிப்படுத்தாது. நிறம் தெரியாதிருக்க நீலக் கோப்பையில் ருசி பார்ப்பது இதனால்தான்.

இதைவிடக் கறாரான சோதனை மூன்று கோப்பைச் சோதனை. வேறொருவர் மூன்று கோப்பைகளில் ஊற்ற வேண்டும். இரண்டில் ஒரே விஸ்கி, மூன்றாவதில் வேறொன்று. எது தனி என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றுக்கு ஒரு முறை சரியாகிவிடும். தொடர்ந்து ஐந்து முறை சரியாகச் சொல்ல நேர்வது 243இல் ஒரு வாய்ப்புதான். ஐந்தும் சரியானால் அந்த வித்தியாசம் மெய்யென்று நம்பலாம். பெயரும் விலையும் தெரிந்து பேசும் வருணனை எதற்கும் இந்த நேர்மை கிடையாது.

வரைபடம் போட்டவர்கள்

ஸ்காட்ச் விஸ்கியை ஹைலாண்ட், லோலாண்ட், ஸ்பேசைடு, கேம்பல்டவுன், ஐலா என ஐந்து வட்டாரங்களாகப் பிரிப்பது சட்டம் ஏற்ற வழக்கம். வட்டாரத்தை வைத்து மணத்தைச் சொல்ல முயன்றால் சறுக்கும். ஐலா என்றால் புகை என்பார்கள். குல் ஈலாவுக்குச் சில கிலோமீட்டர் வடக்கே, அதே கடற்கரையில் உள்ள புன்னஹாவனின் வழக்கமான விஸ்கியில் புகை ஏறக்குறைய இல்லை.

1994இல் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் லபோயின்ட், லெஜாந்தர் இருவரும் 109 மால்ட்டுகளின் நிறம், மணம், சுவை ஆகியவற்றை 68 கூறுகளாகப் பிரித்து, உயிரினங்களுக்குக் குலமரம் வரைவதுபோல மரம் வரைந்தார்கள். 2002இல் டேவிட் விஷார்ட் 86 மால்ட்டுகளுக்குப் புகை, தேன், பழம், மலர், மருந்து முதலான 12 மணக் கூறுகளில் 0 முதல் 4 வரை மதிப்பெண் இட்டு, பத்துக் குழுக்களாக வகுத்தார். எந்த ஊர் என்ற கேள்விக்குப் பதிலாக எது எதை ஒத்திருக்கிறது என்று கேட்டதே இவர்களின் சாதனை.

2019இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் பொன், அலுமினியத்தாலான நுண்ணிய செயற்கை நாக்கு ஒன்றைச் செய்தது. ஒரே பெயர் கொண்ட விஸ்கியின் 12, 15, 18 ஆண்டு வகைகளைக்கூட அது 99 சதவீதத்துக்கு மேல் சரியாகப் பிரித்துச் சொன்னது. அதுவும் பொருள்களைத் தனித்தனியே அடையாளம் காணாமல், ஒட்டுமொத்தக் கோலத்தை இன்னொரு கோலத்தோடு ஒப்பிட்டே சொன்னது. போலிச் சரக்கைப் பிடிக்க அந்தக் கருவி மிகவும் உதவும். ஆனால் இரண்டும் வேறு என்பதோடு அதன் வேலை முடிகிறது. எதனால் வேறு என்ற அடுத்த கேள்வியை மனிதர்தான் கேட்க வேண்டும். இது பீட்டின் புகை, இது கொப்பரைக் கழுத்தின் உயரம், இது ஷெர்ரி ஊறிய மரம் என்று ஒவ்வொரு மணத்தையும் அது பிறந்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க, மூக்கோடு செய்முறை அறிவும் வேண்டும். அந்த அறிவு பிறவியில் வருவதில்லை. சரியான இரண்டு கோப்பைகளைத் தேர்ந்து, பெயரை மறைத்து, பொறுமையாக முகரும் எவருக்கும் அது வசப்படும்.